பாம்புக்குக் கால் வரைந்தவன் இழந்தது என்ன? ஒரு சீன மரபுத்தொடரின் பொருளும் பிறப்பும்

கேள்வி இது: சீனத்தில் "பாம்பை வரைந்து கால் சேர்ப்பது" என்று ஒரு மரபுத்தொடர் வழங்குகிறது. அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் சொல்லலாம்?

அகராதியைத் திறந்தால் ஒரே வரியில் விடை கிடைக்கும்: தேவையில்லாததைச் சேர்த்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது. இது தவறில்லை, ஆனால் பாதிதான். மூலக் கதையில் பாம்பைவிட, அதற்கு வரைந்த காலைவிட, முக்கியமான பொருள் ஒன்று இருக்கிறது. அது ஒரு கோப்பை மது. அதை விட்டுவிட்டால் இந்தத் தொடர் ஏன் 2,300 ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது என்பது புரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொற்கள். ஹுவா ஷெ தியென் ட்ஸூ. நான்கே அசை, நான்கே எழுத்து. ஹுவா என்றால் வரைதல், ஷெ என்றால் பாம்பு, தியென் என்றால் கூடுதலாகச் சேர்த்தல், ட்ஸூ என்றால் கால். இப்படி நான்கெழுத்தில் உறைந்துபோன பழந்தொடர்களைச் சீனர்கள் 'செங்யு' என்பார்கள். ஹுவா மேலிருந்து வெட்டி இறங்கும் நான்காம் தொனி. ஷெ, ட்ஸூ இரண்டும் கேள்வி கேட்கும்போது நம் குரல் ஏறுவதுபோல் ஏறும் இரண்டாம் தொனி. தியென் உயரத்திலேயே சமமாக நிற்கும் முதல் தொனி. சீனம் கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை கடைசி எழுத்தில்தான் வரும். இன்றைய பேச்சில் காலுக்கு 'ஜியாவ்' என்பதுதான் சொல், அதைக் கொண்டுபோய் இங்கே பொருத்திவிடுவார்கள். செங்யுவில் எழுத்தை மாற்றக் கூடாது. இந்தத் தொடரில் அப்படி மாற்றினால் இழப்பு இன்னும் பெரிது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கதை இருக்கும் நூல் 'ஜான்குவோ ட்ஸெ'. சீனம் பல நாடுகளாகப் பிரிந்து சண்டையிட்ட 'போரிடும் நாடுகள்' காலத்துத் தூதர்களும் ஆலோசகர்களும் மன்னர்களிடம் பேசிய பேச்சுகளின் தொகுப்பு அது. பழைய ஏடுகளைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, இந்தப் பெயரையும் சூட்டியவர் கி.மு. முதல் நூற்றாண்டில் ஹான் அரசவையில் இருந்த லியூ சியாங்.

சூ நாட்டில் ஒருவர் பலிபூசை நடத்தினார். முடிந்ததும் தம் வீட்டுப் பணியாளர்களுக்கு ஒரு கோப்பை மது கொடுத்தார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: "பல பேர் குடித்தால் போதாது, ஒருவர் குடித்தால் மிச்சம் வரும். தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிப்பவர் குடிக்கட்டும்." ஒருவன் முதலில் முடித்துவிட்டான். கோப்பையை எடுத்தான், குடிக்கப் போனான். மூலம் இந்த இடத்தில் கைகளைக்கூடப் பிரித்துச் சொல்கிறது: இடது கையில் கோப்பை, வலது கையால் பாம்பை மேலும் வரைகிறான். "நான் இதற்குக் காலும் போடுவேன்" என்கிறான். கால் முடியவில்லை, அதற்குள் இன்னொருவனின் பாம்பு முடிந்துவிட்டது. அவன் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு, "பாம்புக்கு இயல்பிலேயே கால் கிடையாது, நீ எப்படி அதற்குக் கால் போட முடியும்?" என்று கேட்டுவிட்டுக் குடித்துவிட்டான். பாம்புக்குக் கால் போட்டவன் கடைசியில் மதுவை இழந்தான்.

அந்த இடது கையைக் கவனியுங்கள். அவன் தோற்கவில்லை. பந்தயத்தில் வென்றாகிவிட்டது, பரிசும் கையில் இருக்கிறது. உதட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய நேரத்தில் சும்மா இருந்த வலது கைதான் கெடுத்தது. திறமை இல்லாதவன் செய்த பிழை அல்ல இது. எல்லோரையும் முந்தியவன், நேரம் மிச்சம் இருந்ததால் செய்த பிழை.

கதை இத்தோடு முடிகிறது, ஆனால் நூலில் இது தனிக்கதையாக இல்லை. படை நடத்திக்கொண்டிருந்த ஒரு தளபதியை நிறுத்துவதற்காக ஒரு தூதர் சொன்ன உவமை இது.

கி.மு. 323. சூ நாட்டுத் தளபதி ஜாவோ யாங், வெய் நாட்டின் படையை இன்றைய ஹெனான் மாகாணத்தில் இருந்த சியாங்லிங்கில் முறியடித்து, எட்டு நகரங்களைப் பிடித்தார். அதே வேகத்தில் படையைத் திருப்பி ச்சி நாட்டைத் தாக்கக் கிளம்பினார். ச்சி மன்னனுக்காக அவரைச் சந்திக்கப் போனவர் சென் ஜென். இந்த ஆள் அந்தக் காலத்தின் தேர்ந்த பேச்சாளர்களில் ஒருவர். இரண்டு புலிகள் சண்டையிட்டுக் களைக்கும்வரை காத்திருந்து அடித்தவனின் கதையும் இவர் வாயிலிருந்து வந்ததாகத்தான் நூல்கள் சொல்கின்றன.

சென் ஜென் போனதும் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. இருமுறை வணங்கி, வெற்றிக்கு வாழ்த்துச் சொன்னார். எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்: "சூ நாட்டுச் சட்டப்படி, எதிரிப் படையை அழித்துத் தளபதியைக் கொன்றவருக்கு என்ன பதவி, என்ன பட்டம்?" ஜாவோ யாங் சொன்னார்: "பதவி ஷாங் ஜுகுவோ, பட்டம் ஷாங் ஜிகுவெய்." முன்னது 'நாட்டின் தலையாய தூண்' என்ற பொருள் கொண்ட படைப்பதவி. பின்னது பச்சைக்கல் பலகை ஏந்தி அவையில் நிற்கும் உயர்குடிப் பட்டம். "அதற்கும் மேல் என்ன இருக்கிறது?" "லிங்யின் மட்டும்தான்." அதாவது தலைமை அமைச்சர் பதவி. "லிங்யின் உயர்ந்த பதவிதான். ஆனால் மன்னர் இரண்டு லிங்யின்களை வைக்க மாட்டாரே. ஓர் உவமை சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாம்புக் கதையை எடுத்தார்.

சொல்லி முடித்ததும் கணக்கைப் பிரித்து வைத்தார். வெய் படையை உடைத்தாயிற்று, எட்டு நகரம் கிடைத்தாயிற்று, ச்சி நாடு உங்களைக் கண்டு நடுங்குகிறது. உங்கள் பெயருக்கு இது போதும். இனி வென்றாலும் மேலே ஏறப் பதவி இல்லை. எல்லாப் போரிலும் வென்று, எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன் உயிரையும் இழப்பான், பட்டமும் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அது பாம்புக்குக் கால் போடுவதுபோல்தான். ஜாவோ யாங் அதை ஒப்புக்கொண்டார். படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் மேலே சொன்ன 'ட்ஸூ' என்ற எழுத்துக்கு இப்போது வருவோம். பழஞ்சீனத்தில் அந்த எழுத்துக்கு இரண்டு பொருள். ஒன்று கால், மற்றது போதும். பணியாளர்கள் "பல பேர் குடித்தால் போதாது" என்று சொல்லும்போது வருவது அதே எழுத்து. "காலும் போடுவேன்" என்று அவன் பெருமையடிக்கும்போதும் அதே எழுத்து. "உங்கள் பெயருக்கு இது போதும்" என்று தளபதியிடம் சொல்லும்போதும் அதே எழுத்து. காதால் கேட்பவருக்குக் காலும் போதுமென்பதும் ஒரே ஒலி. போதாத மது, போதாதென்று போட்ட கால், போதுமென்று நிற்க வேண்டிய வெற்றி என்று மூன்றையும் சென் ஜென் ஒரே எழுத்தில் கட்டியிருக்கிறார். இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த எழுத்தை எடுத்துவிட்டுப் பேச்சுவழக்கின் 'ஜியாவ்' போட்டால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

இதே நிகழ்ச்சியை சிமா சியென் 'ஷிஜி' என்ற தம் வரலாற்று நூலில், சூ அரசகுலத்தைப் பற்றிய பகுதியில், ஹுவாய் மன்னரின் ஆறாம் ஆண்டின் கீழ் எழுதியிருக்கிறார். பெரிய மாற்றமில்லை, ஆனால் சின்ன வேறுபாடுகள் சுவையானவை. அங்கே சென் ஜென் ச்சி மன்னனின் தூதர் அல்ல. ச்சின் நாட்டின் தூதராக ச்சி அவைக்கு வந்த இடத்தில் இந்த வேலை அவரிடம் வந்து சேர்கிறது. ஜாவோ யாங் ஏற்கெனவே லிங்யின் ஆகிவிட்டார், அவருக்கு மேல் பதவியே இல்லை. கோப்பையைப் பிடுங்கியவனின் பேச்சும் மாறுகிறது: "பாம்புக்குக் கால் இல்லை. நீ கால் போட்டுவிட்டாய், ஆகவே இது பாம்பே அல்ல."

எனக்கு இந்த வடிவம்தான் கூர்மையாகப் படுகிறது. முதல் நூலில் அவன் நேரத்தை வீணாக்கினான் என்பதுதான் குற்றம். இரண்டாவதில் அவன் வரைந்து முடித்திருந்த பாம்பே செல்லாமல் போய்விட்டது. சேர்த்தது மட்டும் வீண் அல்ல, சேர்த்ததால் முன்பு இருந்ததும் பறிபோயிற்று. ஷிஜியின் சென் ஜென் கணக்கையும் இன்னும் அப்பட்டமாக வைக்கிறார்: ச்சியை வென்றால் பதவி ஒரு படியும் ஏறாது, தோற்றால் உயிரும் பட்டமும் போகும். படையைத் திருப்பிக்கொண்டு போனால் ச்சி நாடு நன்றிக்கடன் படும். இதை அவர் "நிறைந்ததை ஏந்தும் வித்தை" என்கிறார். விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தைச் சிந்தாமல் பிடித்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். கதையில் இடது கையில் இருந்த கோப்பை இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

உவமை நடந்ததோ கற்பனையோ, போர் நடந்தது என்பதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. 1957-இல் ஆன்ஹுவெய் மாகாணத்தின் ஷோ மாவட்டத்தில் வெண்கலத் துண்டுகள் சில கிடைத்தன. பிளந்த மூங்கில் போல வார்த்து, மேலே எழுத்துகளைப் பொன்னால் பதித்தவை. இவை 'எ' என்ற பகுதியின் பிரபு ச்சி என்பவருக்கு சூ மன்னர் கொடுத்த சுங்கச் சீட்டுகள். இங்கே ச்சி என்பது ஆளின் பெயர், நாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆற்றுவழிச் சீட்டு 150 படகுவரை அனுமதிக்கிறது, தரைவழிச் சீட்டு 50 வண்டிவரை. தரைவழியில் உலோகமும் தோலும் அம்புக்கான மூங்கிலும் ஏற்றக் கூடாது என்று தடை இருக்கிறது. போர்க்காலம் என்பது அந்தத் தடையிலேயே தெரிகிறது. சூ நாட்டில் ஆண்டுகளுக்கு எண் போடாமல் பெருநிகழ்ச்சியின் பெயரை வைப்பார்கள். இந்தச் சீட்டின் முதல் வரி: "பெரும்படைத் தலைவர் ஜாவோ யாங் சியாங்லிங்கில் ஜின் படையை முறியடித்த ஆண்டு." பழைய ஜின் நாடு உடைந்து பிறந்த நாடுகளில் ஒன்றுதான் வெய், அதனால் அந்தப் பெயர். ஒரு நாடு தன் ஆண்டுக்கே பெயராக வைக்கும் அளவு பெரிய வெற்றி அது. அந்தப் பெருமிதத்தோடு நின்ற ஆளைத்தான் ஒரு கோப்பை மதுவைக் காட்டித் திருப்பியிருக்கிறார்கள்.

நான்கெழுத்துத் தொடர் அப்படியே இந்த இரு நூல்களிலும் இல்லை. அங்கே இருப்பது 'பாம்புக்குக் கால் போடுவது' என்ற சொற்கட்டுதான். மூன்றாம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய மூன்று அரசுகளின் வரலாற்றில் 'பாம்புக்குக் கால் வரைவது' என்று வருகிறது. அதுவும் ஒரு போர்க்களத்தில்தான். 255-இல், அந்த மூன்று அரசுகளில் ஒன்றான ஷூ நாட்டின் தளபதி ஜியாங் வெய், தாவ் ஆற்றருகே வெய் படையைப் பெருஞ்சேதத்தோடு முறியடித்தார். இந்த வெய் நாடு பழைய வெய் அல்ல, எழுத்தும் வேறு, காலமும் வேறு. உடனிருந்த ஜாங் யி, "போதும், இனி முன்னேற வேண்டாம். போனால் கிடைத்த பெருவெற்றியே அழியலாம்" என்றார். ஜியாங் வெய்க்குக் கடுங்கோபம். அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் இந்தச் சொற்கள் வருகின்றன. அவர் கேட்காமல் போய் டிடாவ் நகரை முற்றுகையிட்டார், பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே டுவான்கு என்ற இடத்தில் வெய் தளபதி டெங் ஐயிடம் பெருந்தோல்வி. பின்னாளில் மூன்று அரசுகளின் கதையை நாவலாக எழுதியபோது, 110-ஆம் அத்தியாயத்தில் ஜாங் யியின் வாயில் முழு நான்கெழுத்தும் இன்றைய வடிவிலேயே வந்துவிட்டது. இடையில் தாங் காலக் கவிஞர் ஹான் யூ, தன் வாழ்க்கையே பயன்படாத வேலையாகிவிட்டது என்று நொந்துகொள்ளும் ஒரு கவிதையில் பாம்புக்குக் கால் வைப்பதைச் சொல்கிறார். அங்கே போரும் இல்லை, கோப்பையும் இல்லை. 'வீண்' என்ற பொருள் மட்டும் நிற்கிறது. போர்க்களத்து எச்சரிக்கை அன்றாடப் பேச்சுக்கு இறங்கி வந்ததை அந்த ஒரு வரியில் பார்க்கலாம்.

இன்று இதை எப்போது சொல்லலாம்? மூன்று நிபந்தனை பொருந்த வேண்டும். வேலை ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். அது நன்றாகவும் இருந்திருக்க வேண்டும். பிறகு சேர்த்த ஒன்று அதைக் கெடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தால் வேறு தொடர்தான் பொருந்தும். நல்ல ஒரு சிறுகதையின் முடிவில் ஆசிரியர் வந்து பொருள் விளக்கினால் அது பாம்பின் கால். சுவை சரியாக இறங்கிய மீன் குழம்பில் அடுப்பை அணைக்கும்போது இன்னொரு கரண்டி மசாலா போட்டால் அதுவும் அப்படித்தான். குழம்பு ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்றால் இந்தத் தொடருக்கு அங்கே வேலை இல்லை.

பக்கத்தில் நிற்கும் தொடர்களோடு வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் தெளிவாகும். 'துவோ ட்ஸ் யி ஜு' என்றால் அந்தச் செய்கை தேவையில்லை என்பது மட்டுமே, கெட்டுப்போனதா இல்லையா என்பது அதில் இல்லை. 'நுங் சியாவ் செங் ஜுவோ' என்றால் கெட்டிக்காரத்தனம் காட்டப் போய் அசடு வழிந்தது. அங்கே முயற்சியே பிசகு, முடிந்த வேலை என்று எதுவும் இல்லை. 'ஜின் ஷாங் தியென் ஹுவா', பட்டின்மேல் பூ சேர்ப்பது, இதிலும் 'தியென்' என்ற அதே சேர்த்தல்தான், ஆனால் பாராட்டு. நல்லது இன்னும் நல்லதாகிறது.

நேர் எதிர்த்தொடர் 'ஹுவா லுங் தியென் ஜிங்', பறவைநாகம் வரைந்து கண்மணி இடுவது. தமிழ் எழுத்தில் இந்த 'தியென்' ஒன்றுபோல் தோன்றும். ஆனால் இது புள்ளி வைத்தலைக் குறிக்கும் வேறு எழுத்து, தொனியும் வேறு, மூன்றாம் தொனி. இந்தக் கதை ஆறாம் நூற்றாண்டு லியாங் அரசகாலத்து ஓவியர் ஜாங் செங்யோவைப் பற்றியது. இன்றைய நான்ஜிங்கில் இருந்த ஆன்லெ கோயிலில் அவர் நான்கு நாகங்களை வரைந்து, கண்மணி வைத்தால் பறந்துவிடும் என்று வைக்காமலே விட்டாராம். மக்கள் நம்பாமல் வற்புறுத்த, இரண்டுக்கு வைத்தார். இடி இடித்து, சுவர் பிளந்து, அந்த இரண்டும் பறந்துபோயின. மற்ற இரண்டும் அங்கேயே இருந்தன. இரண்டு தொடரிலும் ஓவியம்தான், கடைசியாகச் சேர்த்த ஒரு கோடுதான். ஒன்றில் அது உயிர் கொடுக்கிறது, மற்றதில் கையில் இருந்ததையும் பறிக்கிறது. சீன ஆசிரியர்கள் கட்டுரை திருத்தும்போது இந்த இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

இலக்கணத்தில் சிக்கல் அதிகமில்லை. பெரும்பாலும் பயனிலையாக வரும்: 'நீ இப்படிச் செய்வது பாம்பை வரைந்து கால் சேர்ப்பது' என்ற அமைப்பு. குறை சொல்லும் தொடர் என்பதால் மேலதிகாரி சேர்த்த பத்தியைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். தன்னைப் பற்றிச் சொல்லும்போது அதே தொடர் பணிவாகிவிடும். 'ஷெ ட்ஸூ', பாம்பின் கால், என்று இரண்டெழுத்தாகச் சுருக்கினால் பெயர்ச்சொல் ஆகும். அந்தச் சுருக்க வடிவம்தான் கடல் கடந்தது. ஜப்பானில் அது 'தஸோகு'. எழுதி முடித்த பிறகு ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் 'தஸோகு நகரா', 'பாம்பின் கால்தான், என்றாலும்' என்று தொடங்கிச் சொல்வார். கொரியாவில் 'ஸாஜோக்', அதைத் 'தொங்கவிடுவது' என்பார்கள். ஜப்பானிய, கொரிய வடிவங்களின் முடிவில் கேட்கும் அந்தக் ககர ஒலி பழஞ்சீனத்தில் இருந்ததுதான். வடசீனப் பேச்சில் தேய்ந்துபோயிற்று. கான்டனீயத்தில் இன்றும் 'சுக்' என்று ககரத்தோடுதான் முடியும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? "பாம்பின் கால்" என்று மொட்டையாக எழுதினால் நம் வாசகருக்கு உடனே நினைவு வருவது "பாம்பின் கால் பாம்பறியும்" என்ற பழமொழி. பழமொழி நானூறு காலத்திலிருந்தே நம்மிடம் இருப்பது, பொருளோ முற்றிலும் வேறு. ஓர் இனத்தின் நுட்பம் அதே இனத்துக்குத்தான் தெரியும் என்பது அது. அங்கே பாம்புக்குக் கால் இருக்கிறது, பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை. சீனத்தில் பாம்புக்குக் கால் இல்லவே இல்லை. ஆகவே 'வரைந்த' என்ற சொல்லை விடாமல், "பாம்புக்குக் கால் வரைந்ததுபோல்" என்று எழுதினால்தான் குழப்பம் வராது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது" என்று பெயர்ப்பதையும் பார்க்கிறோம். அது பொருந்தாது, ஏனென்றால் அங்கே பிள்ளையார் ஒருபோதும் உருவாகவில்லை. எழுத்தைப் பற்றிய பேச்சு என்றால் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான 'மிகைபடக் கூறல்' ஓரளவு நெருங்கும்.

ஆனால் சென் ஜென் ஜாவோ யாங்கிடம் சொன்னதற்கு நம்மிடம் மிக நெருங்கி நிற்பது வலியறிதல் அதிகாரத்துக் குறள்தான்: "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்." மரம் ஏறத் தெரியாதவனைப் பற்றி அது பேசவில்லை. நுனிவரை ஏறிவிட்டவனைப் பற்றிப் பேசுகிறது. ஜாவோ யாங்கும் நுனிக்கொம்பில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மேலே கிளை இல்லை என்பதைத்தான் சென் ஜென் "அதற்கும் மேல் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியால் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்.